கிணற்றை மட்டும் மாற்றாதீர்கள்: பேய்ப் படங்களை ரீமேக் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுப் பேய்ப் படங்களின் உரிமையை வாங்கித் தமிழில் எடுக்கிற, எடுக்கப்போகிற தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நான் சினிமாத் துறையில் இல்லை. பேய்ப் படம் என்றால் முதல் நாளே டிக்கெட் எடுக்கிற கூட்டத்தில் ஒருவன். இருபது வருடத்துக்கும் மேலாக இந்த வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். ஒரே கதை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அந்த ஆசையில்தான் இதை எழுதுகிறேன், கோபத்தில் இல்லை. கொஞ்சம் வருத்தம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் தியேட்டரில் ஒரு படம் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஓர் ஆசியப் படத்தின் தழுவல், மூலத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். மூலத்தில் அந்தப் பேய் ஏன் இந்தக் குடும்பத்தைப் பிடித்தது என்பதற்குக் கடைசிவரை முழுப் பதில் கிடையாது, வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதில் கிடந்து உறுத்தும். தமிழில் இடைவேளை முடிந்ததும் ஃப்ளாஷ்பேக் தொடங்கியது. அவள் நல்ல பெண், நான்கு கெட்டவர்கள் சேர்ந்து அவளைக் கொன்றுவிட்டார்கள். அப்புறம் அந்த நான்கு பேரையும் அவள் வரிசையாகத் தீர்த்துவிட்டு, வெளிச்சமாகி மேலே போய்விட்டாள். வெளியே வரும்போது எனக்கு முன்னால் போன பையன் நண்பனிடம், "பாவம்டா அது" என்றான். பயப்பட வந்த பையன் பரிதாபப்பட்டுவிட்டுப் போகிறான்.

இதைக் கேட்டால் உங்களில் பலர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "நம்ம ஆடியன்ஸுக்கு அது செட் ஆகாது சார், கெட்டவன் சாகணும், பேய்க்கு நியாயம் கிடைக்கணும்." இந்தப் பதில் தவறு என்று நினைக்கிறேன். ஏன் தவறு என்று சொல்ல ஒரே ஒரு படத்தைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நாடு விட்டு நாடு போன பேய்களில் அதைப் போல நன்றாகக் குடியேறிய பேய் குறைவு.

ஹிடியோ நகாட்டா இயக்கி 1998இல் ஜப்பானில் வந்த ரிங்கு. நண்பன் கொடுத்த விசிடியில், மின்விசிறி சத்தத்தோடு, சின்ன டிவியில்தான் முதலில் பார்த்தேன். படம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வீடியோ கேசட், அதைப் பார்த்தவர்கள் ஏழு நாளில் சாகிறார்கள். ரெய்கோ என்ற பத்திரிகையாளர், கணவனைப் பிரிந்து மகனோடு தனியே வாழ்கிறவர், அதைப் பார்த்துவிடுகிறார். முன்னாள் கணவன் ரியூஜியையும் சேர்த்துக்கொண்டு ஓர் எரிமலைத் தீவுவரை தேடிப் போகிறார். சடாகோ என்ற பெண்ணை அவள் தந்தையே கிணற்றில் தள்ளியது தெரிகிறது. கிணற்றுக்குள் விழுந்தவள் உடனே சாகவில்லை, ஏறப் பார்த்திருக்கிறாள், சுவரில் அவள் நகங்கள் பெயர்ந்து கிடக்கின்றன. ரெய்கோ அந்தக் கிணற்றில் இறங்கி, வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து, கடைசியில் அந்த எலும்புக்கூட்டைக் கண்டெடுத்து மடியில் அணைத்துக்கொள்கிறார். கெடு நேரம் தாண்டிவிடுகிறது, அவர் உயிரோடு இருக்கிறார்.

இங்கே நம் படங்கள் முடிந்துவிடும். எலும்பை எடுத்தாயிற்று, ஒரு தாய் அவளை அணைத்தாயிற்று, ஆத்மா சாந்தி.

ரிங்கு அங்கே முடிவதில்லை. மறுநாள் ரியூஜி தன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது டிவி தானாக ஓடத் தொடங்குகிறது, கிணறு தெரிகிறது, அவள் ஏறி வெளியே வருகிறாள், நடந்து வருகிறாள், திரையைத் தாண்டி அறைக்குள் ஊர்ந்து வருகிறாள். அந்த நடையை எடுக்க நடிகை ரீ இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். மனிதர் நடப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும், எதனால் என்று பார்க்கும்போது சொல்லத் தெரியாது. சடாகோவுக்கு நம் பரிதாபம் வேண்டாம், இறுதிச்சடங்கு வேண்டாம், நீதியும் வேண்டாம். ரெய்கோ பிழைத்ததற்கு அவருடைய நல்ல மனசு காரணமில்லை. கேசட்டைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குப் போட்டுக் காட்டியிருந்தார், அதனால் பிழைத்தார். படத்தின் கடைசியில், கேசட்டைப் பார்த்துவிட்ட மகனைக் காப்பாற்ற அவர் காரை எடுத்துக்கொண்டு தன் சொந்த அப்பாவின் வீட்டுக்குப் போகிறார், அந்த முதியவருக்குக் கேசட்டைக் காட்ட. ஒரு தாய், பிள்ளைக்காகத் தகப்பனைக் கொடுக்கப் போகிறாள்.

இந்த முடிவுதான் படம். கேசட், தீவு, நீள முடி எல்லாம் அதற்கான உடுப்பு.

உடுப்பை மாற்றலாம். தாராளமாக மாற்றலாம். ரிங்குவே அப்படி மாற்றி எடுத்த படம்தான். கோஜி சுசுகி 1991இல் எழுதிய நாவலில் கேசட்டைத் தேடிப் போகிறவர் ஓர் ஆண். நகாட்டாவும் திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகஹாஷியும் அவரைத் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணாக மாற்றினார்கள். டிவியிலிருந்து பேய் ஊர்ந்து வருவது நாவலில் இல்லவே இல்லை, உலகமே நினைவில் வைத்திருக்கும் காட்சி அவர்கள் சேர்த்தது. எனவே மூலத்தில் கைவைக்கவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்.

2002இல் அமெரிக்காவில் கோர் வெர்பின்ஸ்கி இதையே தி ரிங் என்று எடுத்தபோது என்ன செய்தார் என்று பாருங்கள். ஜப்பானியப் படத்தில் சடாகோவின் அம்மா ஞானதிருஷ்டி உள்ளவர், நிபுணர்கள் முன்னால் சோதிக்கப்பட்டு, ஏமாற்றுக்காரி என்று அவமானப்பட்டு, எரிமலையில் விழுந்து உயிர்விட்டவர். அதற்குப் பின்னால் நிஜமான ஒரு பெண்ணின் நிழல் இருக்கிறது. மிஃபுனே சிசுகோ என்பவரை ஃபுகுராய் என்ற பேராசிரியர் 1910இல் அறிஞர்கள் முன்னிலையில் சோதித்தார், பத்திரிகைகள் சந்தேகம் கிளப்பின, மறு வருடமே அந்த இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். கிணற்றுக்கும் அங்கே பழைய கதை உண்டு. ஹிமேஜி கோட்டையில் ஓகிகு என்ற பணிப்பெண்ணின் கிணறு என்று இன்றும் ஒன்றைக் காட்டுவார்கள். அவள் பேயாக வந்து ஒன்பது வரை தட்டுகளை எண்ணுவாளாம், பத்தாவது தட்டு இல்லை என்றதும் அலறுவாளாம். சாகும்போது மனதில் வஞ்சம் வைத்துச் செத்தவர்களை ஓன்ரியோ என்பார்கள், அவர்களுக்குக் கோவில் கட்டிச் சாந்தப்படுத்தும் வழக்கம் ஆயிரம் வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கிறது. இவ்வளவையும் தெரிந்துவைத்திருக்கும் ஜப்பானியப் பார்வையாளரிடம்தான் நகாட்டா, "இவளுக்குச் சாந்தி கிடையாது" என்றார்.

அமெரிக்கப் பார்வையாளருக்கு இந்த நினைவு எதுவும் இல்லை. வெர்பின்ஸ்கி அதைப் பாடம் நடத்திப் புரியவைக்கப் பார்க்கவில்லை. சியாட்டல் பக்கத்து ஓயாத மழைக்குக் கதையைக் கொண்டுபோனார். எரிமலைத் தீவுக்குப் பதில் குதிரைப் பண்ணை உள்ள தீவு. படகில் போகும்போது ஒரு குதிரை வெறிபிடித்துக் கடலில் குதிக்கிற காட்சி இருக்கிறதே, அது ஜப்பானியப் படத்தில் இல்லை, எனக்கு மூலத்தின் எந்தக் காட்சிக்கும் குறைவில்லாத காட்சி. இப்படி எத்தனையோ மாற்றினார். ஆனால் கிணறு இருந்தது, எலும்பை அணைத்த பிறகும் அவள் அடங்காதது இருந்தது, கடைசியில் தாய் மகனை உட்காரவைத்துப் பிரதி எடுப்பது இருந்தது. மகன் கேட்கிறான், இதை நாம் காட்டுகிற ஆளுக்கு என்ன ஆகும் என்று. தாயிடம் பதில் இல்லை. சுமார் 4.8 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கெட்டவனுக்குத் தண்டனை கிடைக்காத, பேய் அடங்காத, தாயே குற்றத்தில் பங்கெடுக்கிற முடிவோடு.

அவர் உடுப்பை முழுக்க மாற்றி, உயிரை அப்படியே விட்டார். நீங்கள் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறீர்கள். முகத்தை மூடிய நீள முடி, வெள்ளை உடை, நீல வெளிச்சம், எலும்பு முறிகிற சத்தத்தோடு ஊர்ந்து வருதல் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு, முடிவை மட்டும் நம்மூர் நியாயத்துக்கு மாற்றிவிடுகிறீர்கள். அந்த வெள்ளை உடை அங்கே பிணத்துக்கு உடுத்துகிற உடை, அவர்களுக்கு அதைப் பார்த்தாலே அடிவயிறு கலங்கும். நமக்குக் கலங்குவதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஆளில்லாத இடத்தில் வரும் மல்லிகை வாசம் போதும். உச்சிவேளையில் புளியமரத்துப் பக்கம் போகாதே என்று பாட்டி சொன்னது இன்னும் நம் காலைப் பின்னுக்கு இழுக்கிறது.

சரி, கேசட்டையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு வீட்டில் விசிஆர் கிடையாது, எனவே கதையைத் தமிழில் எடுக்க முடியாது என்றோ, கேசட்டைச் செல்போன் வீடியோவாக மாற்றினால் முடிந்தது என்றோ நினைக்கலாம். ஆனால் அந்தக் கேசட்டுக்கு முன்னால் ஜப்பானில் "துரதிர்ஷ்டக் கடிதம்" என்று ஒன்று இருந்தது, 1970களில் பள்ளிப் பிள்ளைகள் நடுவில் பரவியது. இத்தனை பேருக்கு இதை எழுதி அனுப்பு, இல்லாவிட்டால் உனக்குக் கெடுதல். சடாகோவின் கேசட் அந்தக் கடிதத்தின் பேரப்பிள்ளை.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒன்று ஞாபகம் வரவேண்டும். நோட்டீஸ்! கோவில் வாசலிலோ பஸ்ஸிலோ யாரோ கையில் திணித்துவிட்டுப் போகும் அந்த மஞ்சள், ரோஸ் காகிதங்கள். திருப்பதியில் ஒரு பாம்பு வந்து பேசியது, இதை ஆயிரம் நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது, நம்பாமல் கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கிச் செத்தார். எங்கள் வீட்டில் சாமி மாடத்தில் அப்படி ஒரு நோட்டீஸ் பல மாதம் கிடந்தது. அச்சடிக்கக் காசில்லை, தூக்கிப்போட அம்மாவுக்குத் துணிச்சல் இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா அந்த மாடத்தைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கடைசியில் அம்மா என்னை உட்காரவைத்து, நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து, இருபத்தொரு பிரதி கையால் எழுதவைத்தார். நானே போய்த் தெருவில் வீடு வீடாகப் போட்டுவிட்டு வந்தேன். எதிர்வீட்டுக்குப் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது, அங்கே என்னோடு படிக்கிற பையன் இருந்தான். போட்டேன்.

ரெய்கோ காரில் போகும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஜப்பானைப் பற்றி அன்று எனக்கு எதுவும் தெரியாது, ஆனால் அந்தப் பயத்தை எனக்கு முன்பே தெரியும். இப்படித் தேடினால் நம்மிடம் எவ்வளவு கிடைக்கும்! ஏழு நாள்தான் கெடுவாக இருக்க வேண்டுமா, நமக்குப் பதினாறாம் நாள் இருக்கிறதே, ஒரு வீட்டில் கருமாதி முடியும்வரை நாள்களை எப்படி எண்ணுவோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நியாயம் கிடைக்காத பேயை நம் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்கிறீர்கள், அதற்கு வருகிறேன். நீலிக் கண்ணீர் என்று தினமும் சொல்கிறோம். அந்த நீலி யார்? திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறு பிறவியில் வணிகனாக வரும் அவனைத் துரத்திக்கொண்டு வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் கணவர், என்னை விட்டு ஓடுகிறார் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். அவன் அலறுகிறான், இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று. எழுபது வேளாளர்கள் அவளுடைய கண்ணீரை நம்பி, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

அந்த எழுபது பேர் என்ன தப்பு செய்தார்கள்? ஒரு பெண்ணின் அழுகைக்கு இரங்கினார்கள், அவ்வளவுதான். இரக்கம்தான் அவர்களைக் கொன்றது, ரிங்குவில் எலும்பை அணைத்த இரக்கம் எதற்கும் உதவாமல் போன மாதிரி. எத்தனையோ தலைமுறையாக இந்தக் கதையைக் கூத்தாகவும் பாட்டாகவும் கேட்டு, அதிலிருந்து ஒரு சொல்லையே அன்றாடப் பேச்சில் வைத்துக்கொண்டிருக்கிற மக்களைப் பார்த்து, இவர்களுக்கு அடங்காத பேய் செட் ஆகாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கிராமத்தில் போய்க் கேளுங்கள், அநியாயமாகச் செத்த பெண்ணுக்கு வீட்டிலேயே படையல் போட்டு, சேலை வைத்துக் கும்பிடும் குடும்பங்கள் எவ்வளவு என்று. ஒருமுறை கும்பிட்டு முடித்துவிடுகிற விஷயம் இல்லை அது. ஒவ்வொரு வருடமும் கும்பிட வேண்டும், ஏனென்றால் அவள் எங்கும் போய்விடவில்லை.

உங்களுக்கு இந்த வித்தை தெரியாது என்றும் நான் சொல்லவில்லை. வெளிநாட்டுப் படம் இல்லை என்றாலும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 1993இல் மலையாளத்தில் வந்த மணிச்சித்ரத்தாழில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி, அவள் பேசுவது தமிழ். அதைப் பி. வாசு 2004இல் கன்னடத்தில் ஆப்தமித்ராவாக எடுத்தபோது அவள் தெலுங்கு பேசினாள், அடுத்த வருடம் சந்திரமுகியிலும் தெலுங்கு பேசினாள். 2007இல் இந்தியில் பிரியதர்ஷன் எடுத்தபோது வங்காளி ஆனாள். அந்தக் கதையின் பயம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் பிடிபட்டிருக்கிறது. நன்றாகத் தெரிந்த நம் வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்து ஊர் மொழி வருகிறது. மலையாள வீட்டுக்குத் தமிழ் வெளிமொழி, தமிழ் வீட்டுக்குத் தெலுங்கு. நாகவல்லி தமிழே பேசட்டும் என்று சந்திரமுகியில் விட்டிருந்தால் கங்கா மாறுகிற அந்த நொடியில் பாதி போயிருக்கும். அந்த அளவு நுணுக்கமாக யோசிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள், கடல் தாண்டி வருகிற கதைக்கும் அந்த உழைப்பைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நாயகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004இல் வந்த தாய்லாந்துப் படம் ஷட்டர், 2007இல் தமிழில் சிவியாகவும் வந்தது. அதில் புகைப்படக்காரனுக்குத் தீராத கழுத்துவலி. காரணம் தெரியும்போது நாற்காலியோடு உறைந்துவிடுவோம், அவள் அவன் தோளிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் காட்சி அவ்வளவு வேலை செய்வதற்குக் காரணம், நாம் கூடவே வந்த அந்த ஆள் குற்றவாளி என்பது. இந்த மாதிரிக் கதையை வாங்கினால் தயவுசெய்து குற்றத்தை நாயகனின் நண்பன் தலையில் கட்டிவிடாதீர்கள். ஹீரோ இமேஜ் முக்கியம் என்றால் வேறு கதை வாங்குங்கள்.

இன்னொன்று, இது பயத்தைப் பற்றியது இல்லை, பொறுப்பைப் பற்றியது. பாங் சகோதரர்களின் ஹாங்காங் படம் தி ஐ, 2002. பார்வையில்லாத பெண்ணுக்கு இறந்தவரின் கருவிழி பொருத்துகிறார்கள், அப்புறம் அவளுக்கு இறந்தவர்கள் தெரிகிறார்கள். அற்புதமான படம். அதே கதையோடு 2005இல் இந்தியில் நைனா வந்தபோது கண் மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், கண்தானம் செய்யவும் பெறவும் மக்கள் பயப்படுவார்கள் என்று. படத்தைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இறந்தவரின் கண்ணை எடுக்கச் சம்மதிக்கலாமா என்று பிணத்தின் பக்கத்தில் நின்று ஒரு குடும்பம் தயங்குகிற நாட்டில், அந்தப் பயம் தியேட்டரோடு நின்றுவிடாது. அங்கே வெறும் கதையாக இருந்தது இங்கே வேறொன்றாக ஆகலாம். உரிமை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அப்புறம், மூலத்தை மறைக்காதீர்கள். அமெரிக்காவில் இந்த வேலையை நிறையச் செய்தார்கள். ஸ்பெயின் படமான ரெக் 2007இல் வந்து பெயர் வாங்கியது, மறு வருடமே அதை க்வாரன்டைன் என்று எடுத்து வெளியிட்டார்கள், மூலப் படம் அதற்குப் பிறகுதான் அங்கே டிவிடியாக வந்தது. ஜப்பானிய இயக்குநர் கியோஷி குரோசாவாவின் 2001ஆம் வருடப் படம் கைரோவும் அமெரிக்கத் தியேட்டருக்கு வர நான்கு வருடம் காத்திருந்தது. நம் ஊரில் மறைப்பதற்கு வேறு வழி உண்டு, மூலத்தின் பெயரையே டைட்டிலில் போடாமல் விட்டுவிடுவது. உரிமைக்குக் காசு கொடுத்துவிட்டீர்கள், அதைப் பெருமையாகப் போடுங்கள். எந்தப் படம், யார் இயக்கியது, எந்த நாடு என்று தமிழில் பெரிய எழுத்தில். உங்கள் படத்தைப் பார்த்த ஒரு பையன் அதைத் தேடிப் போய்ப் பார்த்தால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. நான் ரெண்டு ரிங்கையும் மாற்றி மாற்றி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒன்று இன்னொன்றைக் கெடுத்ததே இல்லை.

எங்கள் ஊரில் ஒரு கிணறு இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே ஒரு பெண் அதில் விழுந்து இறந்துபோனார், விழுந்தாரா தள்ளினார்களா என்பதைப் பெரியவர்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அதில் தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் தூர்க்கவில்லை. மண்ணைப் போட்டு மூடிவிடலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தபோது என் பாட்டிதான் வேண்டாம் என்றாராம், மூடினால் அவளுக்கு மூச்சு முட்டும் என்று. இன்றைக்கும் மேலே இரும்பு வலை போட்டிருக்கிறது, ஆடி மாதம் யாராவது ஒருவர் வந்து விளக்கு வைத்துவிட்டுப் போகிறார்கள், யார் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் கதைக்கு லொகேஷன் தேடுகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நானே அழைத்துப் போகிறேன். வலையின் மேல் குனிந்து கொஞ்ச நேரம் உள்ளே பாருங்கள், அதற்கு அப்புறம் ஃப்ளாஷ்பேக் எழுதலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் படத்துக்கு முதல் நாள் வரப்போகிற ஒரு பார்வையாளன்